புழுக்கொல்லி வைரஸும் புரதப் படிகமும்

பருத்தியையும் கொண்டைக்கடலையையும் அழிக்கும் காய்ப்புழுவுக்கு எதிராக நம் நாட்டில் தெளிக்கப்படும் என்.பி.வி. வைரஸ், பாலிஹெட்ரின் என்னும் புரதப் படிகத்தினுள் பொதிந்து கிடக்கிறது. புழு இலையோடு அதை உண்டதும், குடலின் காரத்தன்மை படிகத்தைக் கரைத்து வைரஸை விடுவிக்கிறது.

படிகத்தின் வடிவை வகுப்பது வைரஸின் மரபணுவே. அமெரிக்கக் குதிரைமசால் புழுவிலிருந்து பிரித்தெடுத்த இவ்வின வைரஸின் திரிபு ஒன்றில், ஏறத்தாழ 245 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் 58-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் அமைந்தது. பன்முகப் படிகம் பெரிய கனசதுரமாயிற்று. ஓரெழுத்துப் பிழைதான்!

உற்பத்தியாளர் அஞ்ச வேண்டியது வேறொன்று. செல் வளர்ப்பில் வைரஸைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால், 25கே எனப்படும் மரபணு பழுதுறுகிறது. படிகங்களும் குறைகின்றன, அவற்றுள் பொதியும் வைரஸும் குறைகிறது. அத்தகைய சரக்கை வாங்கித் தெளிக்கும் உழவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். உயிருள்ள புழுக்களிலேயே வைரஸைப் பெருக்கும் முறை நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.