முதற்பதிப்பு ஆண்டு எங்கே, தம்பி?



ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபடி, வரலாற்று நாவல்கள் பத்தைப் பரிந்துரைத்து நீர் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பத்துக்கும் அட்டைப்படம் இருக்கிறது. ஒன்றுக்குக்கூட முதற்பதிப்பு ஆண்டு இல்லை! போன மாதம் எழுதியதும் பாட்டன் காலத்ததும் ஒரே பந்தியில். எரிச்சலில் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யைச் சேர்த்தீரே, அதற்காக உமக்குப் பாதிக் குற்றம் மன்னிப்பு. 1895இல் வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் கொள்வது. ‘பழைய நாவல், மறுபதிப்பு’ என்று ஒரு வரியில் தள்ளிவிடலாமா? அதே கதை 1919இல் ‘சொக்கநாத நாயக்கர்’ என்று சுருங்கியும் வந்தது. காசு கொடுப்பவன் கைக்கு வருவது முழுசா, சுருக்கமா? அதைத்தானே நீர் சொல்ல வேண்டும்? நான் ஒருமுறை கொழும்பிலிருந்து தடித்த மறுபதிப்பு ஒன்றை எடுப்பித்தேன். நடுவில் நாலு அதிகாரத்தைக் காணோம். குறைத்ததாக எங்கும் ஒரு சொல் இல்லை. அன்றுமுதல் கதைக்கு முன் பதிப்பு விபரப் பக்கத்தைத்தான் வாசிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

மற்றது, வெள்ளைக்காரனை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன். கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ பற்றி எழுதப்போய், அவன் 1803இல் கற்சிலைமடுவில் மாண்டான் என்று அடித்துச் சொல்கிறீர். கப்டன் ட்றிபேர்க் 31.10.1803இல் அவனைத் தோற்கடித்ததாகத்தான் அங்கே வெள்ளைக்காரன் நட்ட கல்லில் இருந்தது. கொன்றதாக அல்ல. நாவலாசிரியர் விரும்பிய இடத்தில் சாகடிக்கட்டும், அது அவர் உரிமை. உமக்கு அந்த உரிமை இல்லை. கற்சிலைமடு உமக்குச் சைக்கிள் தூரம்.

சின்ன வயதில் முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தைப் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில், மணலில் குந்தியிருந்து பார்த்தேன். சண்டைக்கு நடுவே வன்னியனின் பலகை வாள் முறிந்தது. பிடியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அண்ணன் வசனத்தை முடித்தார். ஒரு குஞ்சும் சிரிக்கவில்லை. எந்த நாவலிலும் வன்னியன் எனக்கு அந்த முறிந்த வாளோடுதான் வருகிறான்.

வன்னியனிடம் முல்லைத்தீவுக் கோட்டை விழுந்த ஆவணியில் அடைமழை கொட்டவைத்த ஒரு நாவலாசிரியரை, ‘இவர் வன்னியில் ஒரு வெயிலும் காயவில்லை’ என்று பிடித்தீரே, அந்த வரியை நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். நான் எழுதியிருக்க வேண்டிய வரி ஐசே!

பத்து நாவலுக்கும் முதற்பதிப்பு ஆண்டை எழுதி அனுப்பும். ‘மோகனாங்கி’ முழுப்பதிப்பு கையில் இருந்தால் ஒரு கிழமைக்குத் தாரும். உறை போட்டுத் திருப்பித் தருவேன்.