சோம்பேறி என்று நான் சொன்ன தம்பி

இந்த மாதப் பாடம் டிஸ்லெக்சியா பற்றியது. நம்மில் பலர் வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழோ சமயமோ சொல்லிக் கொடுக்கிறோம். நான் செய்த ஒரு தப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

செம்பவாங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை வகுப்பு. தொடக்கநிலை 3 படிக்கும் ஒரு தம்பியை எழுந்து வாசிக்கச் சொன்னேன். "பள்ளிக்குச் சென்றான்" என்ற வரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பல்லிக்குச் சென்றான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு, "சோம்பேறித்தனம் பண்ணாம 50 தடவை எழுதிட்டு வா" என்றேன்.

எழுதிக்கொண்டு வந்தான். முதல் 20 வரி "பள்ளி". அடுத்த 30 வரியும் "பல்லி". அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா சொன்னார்: "அவன் சோம்பேறி இல்லப்பா. ராத்திரி 10 மணி வரைக்கும் உக்காந்து எழுதினான். உனக்குப் பிடிக்கணும்னுதான் எழுதினான்."

எனக்கு வாய் அடைத்துப் போச்சு. அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

எழுத்தையும் ஒலியையும் வேகமாகவும் சரியாகவும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம் இது. கண்ணில் கோளாறு இல்லை, அறிவிலும் குறை இல்லை. குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிப் பார்த்தால், 40 பேர் இருக்கும் வகுப்பில் 2 பேருக்காவது இருக்கலாம்.

1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், ஆனால் வாசிக்க மட்டும் வரவில்லை. அதிலிருந்து இன்றுவரை 100 ஆண்டுக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. நாம் இன்னும் "கவனம் இல்ல", "விளையாட்டுப் புத்தி" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பொறியியல் மாணவன் என்பதால் எனக்கு இப்படித்தான் புரிந்தது. கணினியின் நினைவகம் முழுவதையும் ஒரே செயலி பிடித்துக்கொண்டால் மற்றவை நின்றுவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தை ஒலியாக்கவே முழுச் சக்தியும் போய்விடுகிறது. பொருளைப் புரிந்துகொள்ள மிச்சம் எதுவும் இல்லை. அதே கதையை வாயால் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழில் எங்கே சிக்கல்?

நம் எழுத்து 247. ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் அதிகம், உண்மைதான். ஆனாலும் சில இடங்கள் வழுக்கும்.

முதலாவது, கொம்பு. "கெ" என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்வது "க்". "கொ"வில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இரண்டாவது, ல-ள-ழ, ந-ண-ன, ர-ற. பேச்சில் இவற்றைப் பலர் ஒன்றாகவே சொல்கிறோம், எழுத்தில் பிரிக்கச் சொல்கிறோம். மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. வீட்டில் "போயிட்டு வரேன்", புத்தகத்தில் "போய்விட்டு வருகிறேன்". வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிசு.

இங்கே என்ன உதவி இருக்கிறது?

சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991ல் ராஃபிள்ஸ் சிட்டி ரோட்டரி கழகத்தின் முயற்சியில் உருவானது. தீவு முழுவதும் கற்றல் நிலையங்கள் வைத்திருக்கிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. கல்வி அமைச்சு 2012ல் சில தொடக்கப்பள்ளிகளில் தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொண்டு சென்றது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

திரு லீ குவான் இயூ தமக்கு லேசான டிஸ்லெக்சியா இருந்ததைப் பொதுவில் சொன்னவர். சென்னையிலும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 30 ஆண்டுக்கு மேலாக ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன பள்ளித் திட்டம் ஆங்கில வாசிப்புக்கானது. தமிழ் வகுப்பில் பிள்ளை தடுமாறும்போது பக்கத்தில் இருப்பது தமிழாசிரியரும் நம்மைப் போன்ற அண்ணன், அக்காக்களும்தான். அதனால்தான் நாமும் கத்துக்கணும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒலி முதலில். எழுத்தைக் காட்டும் முன் சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள்: ப-ழம், அம்-மா.

2. கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாளில் ஒரு குறி போதும். துணைக்கால் நன்றாகப் பிடிபட்ட பிறகே கொம்புக்குப் போங்கள். ல, ள இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள்.

3. கண், வாய், கை மூன்றும் சேரட்டும். ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இரு அமெரிக்கர் பெயரால் வழங்கும் முறையின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று. நமக்கு இது புதுசு இல்லை. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்து, கூடவே சொல்லவும் வைக்கிறோமே, அதே மாதிரிதான். ஆனால் நாம் அதை ஒரு நாள் சடங்காகச் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது மாதக்கணக்கில் தேவை.

4. திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே பகுதியைக் கொடுத்து, தனியாகப் பழக விடுங்கள்.

5. அறிவை வாயாலும் சோதியுங்கள். எழுதத் தெரியாதது, தெரியாதது ஆகாது.

6. "இவனுக்கு டிஸ்லெக்சியா" என்று நாமே முத்திரை குத்தக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் உளவியலாளர். நாம் பார்த்ததைப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி, பள்ளி ஆசிரியரிடம் பேசச் சொல்லலாம்.

குரு யார்?

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம் முன்னோர் மரத்தடியில் வழிபட்ட பாலசுப்பிரமணியர், இன்று யீஷூன் கோயிலில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு அங்கே போகும்போது சுவாமிமலைக் கதையை நினைத்துப் பாருங்கள். பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொன்னான், அப்பன் பணிந்து கேட்டார். பிள்ளையிடமிருந்து கற்கத் தயாராக இருப்பவரே நல்ல ஆசிரியர் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். ஆனால் அவன் திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் ஆச்சு. பள்ளியிலும் இப்போது அவனைக் கவனிக்கிறார்கள். போன ஞாயிறு நாலு வரி வாசித்தான், மெதுவாக. இரண்டு இடத்தில் தப்பு. யாரும் சிரிக்கவில்லை. சுவாமிமலைக் கதையை மட்டும் புத்தகம் பார்க்காமல் மயில், கோபம் எல்லாம் சேர்த்து அவனே வகுப்புக்குச் சொன்னான்.

கலந்து பேச

- உங்கள் வகுப்பில் வாயால் நன்றாகச் சொல்லி, எழுதத் தடுமாறும் பிள்ளை யார்?
- "சோம்பேறி" என்ற சொல்லை நாம் கடைசியாக யாரிடம் சொன்னோம்? அதைச் சொல்லும் முன் என்ன கேட்டிருக்க வேண்டும்?
- அடுத்த வாரப் பாடத்தில் அரிசித் தட்டுக்கு எங்கே இடம் கொடுக்கலாம்?