சக்கரம் இல்லாமல் வனையும் பெண்கள்

கேள்வி: பெரு நாட்டுக்குப் போகிறோம். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் மண்பாண்டம் செய்வதை நேரில் பார்க்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. லிமாவிலிருந்து புகால்பாவுக்கு விமானம் உண்டு. அங்கே உக்காயாலி ஆற்றை ஒட்டிய யரினகோச்சா ஏரியில் படகேறினால், சான் ஃபிரான்சிஸ்கோ என்ற ஷிப்பிபோ மக்களின் ஊர். வனைவது பெண்களே. சக்கரம் கிடையாது. ஒருவகை மரப்பட்டையை எரித்த சாம்பலைக் களிமண்ணில் கலக்கிறார்கள். சுடும்போது பானை வெடிக்காது. உருட்டிய மண்திரியைக் கைமுறுக்குப் போலச் சுற்றி அடுக்கி, விரலால் வழித்துச் சுவர் எழுப்புகிறார்கள். பிறகுதான் 'கெனே' என்னும் கோட்டோவியம். அளவுகோல் இல்லை; தலைமுடியில் கட்டிய தூரிகை மட்டும். கோடு பிசகாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! சுட்ட சூடு ஆறுமுன் மரப்பிசினைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். 2008இல் பெரு அரசு கெனேவைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, அப்போது போங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். பேரம் மட்டும் வேண்டாம். வனைந்து, உலர்த்தி, தீட்டி, சுட்டு முடிக்கப் பல நாள் ஆகும். நகரத்துக் கடையில் வாங்காமல், வனைந்தவர் கையிலேயே காசைக் கொடுங்கள்.