ஒற்றைக் கம்பியில் ஓடும் செய்தி

பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு, மண்ணின் ஈரத்தை அளந்து பம்பு மோட்டாரை இயக்கும் கருவிகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. அரியலூர் மாவட்டத்து நெசவாளர்களுக்கும் மின்னணு ஜக்கார்டு எட்டாத பொருளன்று. இவ்விரண்டின் உள்ளும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு அமைந்துள்ளது. அது பிற உறுப்புகளோடு பேசும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம். அறியாமையால் வீண் செலவும் பயிர்ச் சேதமும் நேரக்கூடும்.

தறியில் பாவு நூல்கள் பல அருகருகே செல்கின்றன. ஊடையோ ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது. செய்தியையும் இவ்வாறே இருவகையாக அனுப்பலாம். எட்டுக் குறிகளை எட்டுக் கம்பிகளில் ஒருங்கே அனுப்புவது ஒரு முறை. ஒரே கம்பியில் வரிசையாக அனுப்புவது மற்றொன்று. இதுவே தொடர்வரிசைத் தொடர்பு. ஜக்கார்டு அட்டையில் துளை உண்டு, இல்லை என்பது போல, ஒவ்வொரு குறியும் 1 அல்லது 0 ஆகும்.

இதில் எளிய முறை யூஆர்ட் எனப்படும். ஓய்ந்திருக்கும் கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். அது தாழ்வதே தொடக்கக் குறி. அதன்பின் பெரும்பாலும் 8 குறிகளும், இறுதியில் ஒரு முடிவுக் குறியும் வரும். ஆக, ஓர் எழுத்துக்கு 10 குறிகள். நொடிக்கு 9600 குறிகள் எனில் 960 எழுத்துகள் செல்லும். இரு முனைகளுக்கும் பொதுக் கடிகாரம் இல்லை. ஆகவே இருபுறமும் ஒரே வேகம் முன்கூட்டியே அமைந்திருத்தல் வேண்டும். ஒருபுறம் 9600, மறுபுறம் 19200 என்றிருப்பின், வருவது பொருளற்ற எழுத்தே. அங்கே கருவி கெடவில்லை, உடன்பாடே தவறியது.

ஐ-டூ-சி முறையில் செய்திக்கு ஒரு கம்பியும் கடிகாரத்திற்கு ஒரு கம்பியும் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் தனி முகவரி உண்டு. எஸ்.பி.ஐ. முறைக்குக் கம்பிகள் மிகுதி, வேகமும் மிகுதி. இவை பெட்டிக்குள் குறுந்தொலைவுக்கே ஏற்றவை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சில்லுகளிலும் இம்மூன்று வழிகளும் இடம்பெற்றுள்ளன.

வயலின் கோடிக்குச் செய்தி செல்ல ஆர்.எஸ். 485 முறை ஏற்றது. முறுக்கிய இரு கம்பிகளுக்கிடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடே இங்குச் செய்தியாகும். மோட்டாரின் மின் இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒருங்கே தாக்குவதால், வேறுபாடு பெரிதும் மாறுவதில்லை. குறைந்த வேகத்தில் சுமார் 1200 மீட்டர் வரை செய்தி செல்லும்.

நீர் பாய்ச்சும் பருவத்தில் கருவி பேச மறுத்தால், புதிய பலகை வாங்குமுன் மூன்றைச் சோதித்தல் வேண்டும். வேகம் இருபுறமும் ஒன்றா? யூஆர்ட்டில், ஒன்றன் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனையோடு சேர்ந்து, பொதுத் தரைக் கம்பியும் இணைந்துள்ளதா? ஆர்.எஸ். 485 இல் ஏ, பி கம்பிகள் இடம் மாறியுள்ளனவா? இம்மூன்றையும் பாராமல் பணம் செலுத்தலாகாது. விற்பவரிடம் வேகமும் முகவரியும் எழுதிய தாளைக் கேட்டுப் பெற்று, பில்லுடன் பத்திரப்படுத்துவோமாக.