பாம்புக்குத் துணை தேவையா?

நாய், பூனை, மீன் தொட்டி என்ற வரிசையில் நகரத்து வீடுகள் சிலவற்றில் பாம்பும் இடம் பிடித்திருக்கிறது. அவற்றுள் ஒன்று 'பால் பைத்தான்' என்னும் சிறு மலைப்பாம்பு. இந்தப் 'பால்' பசும்பால் அல்ல, பந்து. அச்சம் வந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா இதன் தாயகம். விஷமற்றது. 3 முதல் 5 அடி வரை வளரும். நன்கு பேணினால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும்.

"பாவம், தனியாக இருக்கிறதே! இன்னொன்று வாங்கி ஜோடி சேர்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல மனம்தான். ஆனால் பாம்பின் கணக்கு வேறு.

பால் பைத்தான் பொதுவாகத் தனித்து வாழும் உயிராகவே கருதப்படுகிறது. ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அன்பு என்று எண்ணிவிடுகிறோம். அது வெதுவெதுப்பான இடத்துக்கும் ஒளிவிடத்துக்கும் நடக்கும் போட்டியாகவும் இருக்கலாம். வலுக்குறைந்தது இரை எடுக்காமல் மெலியும். இரண்டும் ஒரே எலியைக் கவ்வினால் காயம் நேரும். ஒன்றின் நோயும் உண்ணியும் மற்றதற்குத் தொற்றும். இரையைக் கக்கியது எது என்றுகூடத் தெரியாது. ஆகவே ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு என்பதே விதி. புதிதாக வந்ததை 2, 3 மாதங்கள் வேறு அறையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கும் சேர்ந்து குடியிருக்க வேண்டியதில்லை. பெண் ஏறக்குறைய 3 வயதும் ஒன்றரைக் கிலோ எடையும் அடைந்தபின், குளிர் மாதங்களில் ஆணுடன் சில நாட்கள் மட்டும் சேர்த்துப் பிறகு பிரித்துவிடுவது வழக்கம். எப்போதும் சேர்த்தே வைத்தால், உடல் தேறாத பெண்ணும் கருவுறக்கூடும். ஒரு முறைக்குச் சுமார் 6 முட்டைகள் இட்டு, அவற்றைச் சுற்றிக்கொண்டு தாய் இரையெடுக்காமல் கிடக்கும். சுமார் 31, 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 2 மாதங்களில் முட்டைகள் பொரியும். முட்டையைப் புரட்டக் கூடாது. உள்ளிருக்கும் கரு இறந்துபோகலாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு மலைப்பாம்பு, நாகம், சாரை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பால் பைத்தான் வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், பாம்பு இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

ஜோடி சேர்க்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 6 குட்டி என்றால் 6 பெட்டி, 6 பதிவு, 20 ஆண்டுக்கு மேற்பட்ட பொறுப்பு. பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போனாலும், நமக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. வெளியே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். அது பாம்புக்கும் கேடு, நம் காட்டுக்கும் கேடு. இருக்கும் ஒன்றுக்கு அளவான வெப்பமும், ஒளிந்துகொள்ள இடமும், தூய குடிநீரும் தாருங்கள். அதற்கு அது போதும்.