உண்மை கூறலும் ஒழுக்கவியற் கொள்கைகளும்

நன்மை யாது, தீமை யாது என்னும் வினா மனிதன் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு அவனைத் தொடர்ந்து வருகின்றது. இன்னது செய்க, இன்னது தவிர்க என விதிப்பன நீதிநூல்கள். அவ்விதிகளுக்கு அடிப்படையாவது யாது என ஆராய்வது ஒழுக்கவியல். மெய்யியலின் ஒரு பிரிவாகிய இத்துறையின் தலையாய கொள்கைகள் மூன்றினை இங்கு எடுத்துக்கூற முயல்வோம். எடுத்துக்காட்டின்றிக் கூறின் கொள்கைகள் வெறுஞ் சொற்களாய் நின்றுவிடும். ஆதலின், நம் மாணவர்க்குப் பழக்கமான ஒரு நிலைமையை முன்வைத்து மேற்செல்வோம்.

ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் விலையுயர்ந்த தராசொன்று உடைந்துவிட்டது எனக் கொள்வோம். உடைத்தவன் வறிய குடும்பத்து மாணவன். அவன் வேண்டுமென்று செய்தானல்லன், கைதவறிற்று. அதனைக் கண்டவன் அவனுடைய நண்பன் ஒருவனே. "இதனைச் செய்தவர் யார் என்பதை அறிவாயா?" என அதிபர் அந்நண்பனை வினவுகின்றார். அவன் கூறத்தக்க விடை யாது?

முதலாவது, பயன்வழிக் கொள்கை. செயலொன்றின் நன்மை தீமை அதன் விளைவிலேயே தங்கியுள்ளது என்பது இதன் துணிபு. இங்கிலாந்து தேசத்து ஜெரமி பெந்தம் 1789 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். இன்ப துன்பங்களை அவற்றின் செறிவு, நீட்சி, உறுதிப்பாடு முதலிய ஏழு வகையால் அளந்தறியலாம் என்பது அவர் கருத்து. அவர்க்குப் பின்வந்த ஜோன் ஸ்டூவர்ட் மில், 1861 இல் எழுதிய கட்டுரைகளில், இன்பங்கள் அளவால் மட்டுமன்றித் தரத்தாலும் வேறுபடுவன என்று திருத்தங் கூறினார்.

நம் நண்பன் இக்கொள்கையைத் துணைக்கொண்டு, "யான் அறியேன் எனின் ஓர் ஏழைக் குடும்பம் தப்பும், கல்லூரிக்கோ நேரும் இழப்புச் சிறிது" எனக் கணக்கிடலாம். ஆயின், அக்கணக்கில் ஒருவர் விடுபட்டுப் போனார். தராசுகளைப் பேணும் பொறுப்புடைய ஆய்வுகூட உதவியாளரே அவர். குற்றவாளி அறியப்படாவிடின் பழி அவர் தலையில் விழும். அவரும் குடும்பமுடையவரே. நமக்கு வேண்டியவரின் துன்பத்தைப் பெரிதாகவும் மற்றையோர் துன்பத்தைச் சிறிதாகவும் எண்ணுதல் பயன்வழிக் கொள்கைக்கு உடன்பாடன்று. எனவே அவன் பெந்தத்தின் பெயரால் போட்ட கணக்கைப் பெந்தமே ஏற்கமாட்டார்.

இரண்டாவது, கடமைவழிக் கொள்கை. இதன் பேராசிரியர் ஜேர்மனிய மெய்யியலறிஞர் இமானுவேல் கான்ற் ஆவர். 1785 இல் வெளிவந்த அவருடைய நூலில் வணிகன் ஒருவனைப் பற்றிய எடுத்துக்காட்டு வருகின்றது. சிறுபிள்ளை வந்து வாங்கினும் அவ்வணிகன் மிகை விலை கொள்ளான். வாடிக்கையாளரை இழக்கக்கூடும் என்னும் அச்சத்தாலே அவன் அங்ஙனஞ் செய்வானாயின், அச்செயல் முறையானதேயாயினும் ஒழுக்கப் பெறுமானம் உடையதன்று என்பர் கான்ற். நாம் பின்பற்றும் நெறி எல்லோர்க்கும் விதியாதல் தகுமா என வினவுக என்றும், எவரையும் வெறுங் கருவியாகக் கொள்ளற்க என்றும் அவர் வற்புறுத்தினார். நண்பனைக் காத்தற்பொருட்டு உதவியாளரைக் கேடயமாக்குதல் இவ்விரண்டாம் விதிக்கு நேர்மாறானது.

எனினும், கான்றின் கண்டிப்பு எல்லை கடந்ததோ என ஐயுறுதற்கும் இடமுண்டு. கொலைஞன் ஒருவன் நம் வீட்டில் ஒளிந்திருப்பவனைத் தேடிவந்து வினவினும் பொய் கூறலாகாது என அவர் 1797 இல் எழுதினார். இவ்விடத்தில் நமக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வருகின்றார். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனத் தொடங்கும் அவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார். இதனைப் பொய்க்கு அளித்த பொது அனுமதியாகக் கொள்வோர் பலர். அவர்கள் 'குற்றமற்ற' என்னும் அடையை மறந்தவராவர். ஒருவனைக் காத்து மற்றொருவரைப் பழிக்கு ஆளாக்கும் நன்மை குற்றமற்றதாதல் யாங்ஙனம்?

மூன்றாவது, நற்பண்புக் கொள்கை. காலத்தால் இதுவே இம்மூன்றனுள் முந்தியது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322), யாது செய்தல் வேண்டும் என்பதினும் எத்தகையோனாதல் வேண்டும் என்பதையே முதன்மையாகக் கொண்டார். நற்பண்பு பழக்கத்தால் வருவது. வீரம் கோழைமைக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டது போல, ஒவ்வொரு பண்பும் இரு கோடிகளுக்கு நடுவே நிற்பது. 1958 இல் எலிசபெத் அன்ஸ்கொம் எழுதிய கட்டுரை அறிஞர் கவனத்தை மீண்டும் இந்நெறியின்பால் ஈர்த்தது. இதன்வழி நோக்கின், நம் நண்பன் முன் வேறொரு பாதை திறக்கின்றது. பொய் கூறுதலும் காட்டிக்கொடுத்தலும் ஆகிய இரண்டுமே அவன் முன் உள்ளன அல்ல. உடைத்தவனிடஞ் சென்று, "நீயே சொல், நானும் உன்னுடன் வருகின்றேன்" என்று கூறலாம். நட்பும் நேர்மையும் ஒருங்கே நிற்கும் இடம் அதுவே.

இம்மூன்றனுள் எது சரியானது என மாணவர் கேட்பர். கடமைகள் பலவாய் ஒன்றோடொன்று முரணுதலும் உண்டு எனவும், அவற்றை வரிசைப்படுத்த மாறாத சூத்திரம் இல்லை எனவும் ஒக்ஸ்போர்ட் அறிஞர் டபிள்யூ. டி. ரொஸ் 1930 இல் எழுதினார். எனினும் ஓர் எச்சரிக்கை பயன்படும். பொய் சொல்ல விரும்பும்போது நாம் விளைவைப் பேசுகின்றோம். இரங்க மனமில்லாதபோது கடமையைப் பேசுகின்றோம். எக்கொள்கை நம்மை எளிதில் விடுவிக்கின்றதோ அதனையே நாடுதல் மனித இயல்பு. ஆதலின், எக்கொள்கை நம்மைக் குற்றஞ் சாட்டுகின்றதோ அதன் வினாவுக்கு முதலில் விடையளித்தல் நன்று.

அவ்வினா மாணவனை நோக்கியது மட்டுமன்று. உண்மையைக் கூறின் படிப்பே நின்றுவிடும் என ஓர் ஏழைப் பிள்ளை அஞ்சுவானாயின், அப்பொய்யில் ஆசிரியராகிய நமக்கும் பழைய மாணவராகிய நமக்கும் பங்குண்டு. வாய்மையைப் போதித்தால் மட்டும் போதாது. அதனைக் கூறுபவன் அழியாதிருக்க வழிசெய்தலும் நம் கடமையே. தராசின் விலையை நாம் சேர்ந்து செலுத்திவிடலாம்.