பாலைவனத்து ஓப்பல் ஊர்: எது, எப்படி வந்தது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கடியில் மக்கள் குடியிருக்கும் ஊர் ஒன்று உண்டாமே? அது எப்படித் தோன்றியது?

பதில்: கூபர் பீடியைத்தான் கேட்கிறீர்கள். அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. 1915 பிப்ரவரியில் தங்கம் தேடி ஒரு சிறு கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவனும் தன் அப்பாவோடு வந்திருந்தான். தண்ணீர் தேடிப் போன இடத்தில் தரையில் ஓப்பல் கற்கள் கிடப்பதைப் பார்த்தான். ஊர் பிறந்தது அந்தக் கற்களால்தான்.

கேள்வி: வீடுகளை ஏன் குடைந்து கட்டினார்கள்?

பதில்: வெயில்தான் காரணம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம்; கூரை போட நல்ல மரமும் கிடையாது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பதுங்குகுழிகளில் வாழ்ந்து பழகியவர்கள். அவர்கள் வழியாகவே இந்தப் பழக்கம் பரவியது. மணற்கல் குன்றின் பக்கவாட்டைக் குடைந்தால், உள்ளே வருடம் முழுக்க ஏறக்குறைய 24 டிகிரிதான். ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். இப்போது இயந்திரத்தால் குடைகிறார்கள். அதன் பற்கள் கீறிய வட்டத் தடங்கள் சுவரெங்கும் தெரியும். மணல் உதிராமலிருக்க மேலே வார்னிஷ் போன்ற பூச்சு; காற்று வர மேலே போகும் ஒரு குழாய். இடம் போதாவிட்டால் சுவரை இன்னும் கொஞ்சம் குடைந்துகொள்ள வேண்டியதுதான். 1968இல் ஒருவர் வீட்டைப் பெரிதாக்கக் குடைந்தபோது, 1916ஆம் வருடத்துச் சுரங்கம் ஒன்று தட்டுப்பட்டது. அதுவே இன்று பயணிகள் பார்க்கும் ‘ஓல்ட் டைமர்ஸ் மைன்’ அருங்காட்சியகம்.

கேள்வி: தேவாலயங்களும் மண்ணுக்கடியில்தானா?

பதில்: ஆமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரீஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா என்று ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து ஓப்பல் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் வழிபாட்டையும் கொண்டுவந்தார்கள். செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தை 1993இல் பாறைக்குள் அமைத்தார்கள். வளைந்த உயரமான கூரை, சுவரில் செதுக்கிய புனிதர் உருவங்கள். சுரங்கம் வெட்டிய கைகளின் திறமையை அங்கே நேரில் பார்க்கலாம்.

கேள்வி: அங்கே புல்லே இல்லாத கோல்ஃப் மைதானமும் உண்டாமே, அது எப்படிச் சாத்தியம்?

பதில்: தண்ணீரை ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து, உப்பு நீக்கித்தான் குடிக்கவே பயன்படுத்துகிறார்கள். புல்வெளிக்கு எங்கே போவது? ஆட்டக்காரர்கள் ஒரு துண்டுப் புல்விரிப்பைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். பகல் சூட்டுக்குப் பயந்து, ஒளிரும் பந்துகளோடு இரவிலும் ஆடுவதுண்டு.

கேள்வி: சுற்றுவட்டாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கான்கு-பிரேக்அவேஸ் குன்றுகள். வெள்ளை, மஞ்சள், செம்மண் என்று அடுக்கடுக்கான நிறங்கள். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரமே கடல். அந்தக் கடலில் படிந்த வண்டலுக்குள் பின்னாளில் சிலிக்கா கரைந்த நீர் இறங்கி, இறுகி ஓப்பலானது. கடல் ஊர்வனவற்றின் எலும்புகள்கூட ஓப்பலாக மாறிக் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே நாய் வேலி. தெற்கேயுள்ள ஆட்டு மந்தைகளை டிங்கோ நாய்களிடமிருந்து காக்க எழுப்பியது; 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ‘மேட் மேக்ஸ்’ வரிசையின் மூன்றாவது படத்துக்காக இந்த நிலத்திலும் படப்பிடிப்பு நடத்தினார்கள்; படம் 1985இல் வெளிவந்தது.

கேள்வி: பயணிகள் ஓப்பல் தேடலாமா?

பதில்: தாராளமாக. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் குவியல்களைக் கிளறித் தேடுவதற்கு ‘நூட்லிங்’ என்று பெயர். ஊருக்குள் பொதுமக்களுக்கென்றே விட்டிருக்கும் இடம் உண்டு. மற்ற இடங்களில் உரிமம் வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். கண்ணை உறுத்தும் வெயிலில் ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்க்கும் பொறுமைதான் முதலீடு. ஒன்று மட்டும்: குவியல் இருக்கும் இடமெல்லாம் பக்கத்தில் மூடாத குழியும் இருக்கும். ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கப் பின்னால் நகருபவர்களுக்காக எழுதியது அது. அதை மதித்து, ஊரை அறிந்த வழிகாட்டியோடு போங்கள். இங்கே பயணிகள் வியந்து பார்க்கும் அத்தனையும் மனிதர்கள் இந்த நிலத்தில் பிழைக்கக் கண்டுபிடித்த வழிகள் என்பதை அந்த வழிகாட்டியின் வாயாலேயே கேட்கலாம்.